இந்தியாவில் ஆர்ஜிஎம் தொற்று எவ்வளவு? குறிப்பில் எந்த எண்ணைப் போடுவது?

கேள்வி: போர்ட்சைட்

வணக்கம். லேப்ராஸ்கோபிக்கு (சிறு துளை வழி, கேமரா வைத்துச் செய்யும் அறுவை) பிறகு துளை போட்ட இடத்தில் வரும், வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா (ஆர்ஜிஎம்) தொற்றைப் பற்றித் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்க வேண்டும். முதல் வரியிலேயே "நம் நாட்டில் இது இத்தனை சதவீதம்" என்று இருக்க வேண்டுமாம். கட்டுரைகளைப் புரட்டினால் 0.5 முதல் 8.6 வரை என்ற வரம்பு திரும்பத் திரும்ப வருகிறது. சில இடங்களில் இதைவிடப் பல மடங்கு பெரிய சதவீதங்களும் தென்படுகின்றன. இரண்டும் எப்படி ஒரே நாட்டைப் பற்றியவையாக இருக்க முடியும்?

இன்னொன்று: ஓர் ஆய்வகத்தில் இதுவரை ஒன்றுகூட வளரவில்லை என்றால் "இங்கே இல்லை" என்று எழுதிவிடலாமா?

பதில் 1: கீழ்எண்

டாக்டர், அந்த 0.5–8.6ஐ முதல் வரியில் போடாதீர்கள். அது ஆர்ஜிஎம் பற்றிய எண்ணே இல்லை. டிபி சந்தேகத்தில் வந்த மாதிரிகளில் என்டிஎம் (டிபி, தொழுநோய்க் கிருமிகள் அல்லாத மைக்கோபாக்டீரியா) எவ்வளவு வளர்ந்தது என்று வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு காலத்தில் சொன்னதைக் கோத்த வரம்பு அது. என்டிஎம் என்றால் ஏவியம் வகையும் அதில் உண்டு, கன்சாசியும் உண்டு. ஃபார்ச்சுயிட்டம், கெலோனே, அப்ஸெசஸ் ஆகிய வேகக்காரர்கள் அதில் ஒரு பங்குதான். போதாததற்கு, வளர்ந்ததெல்லாம் நோய் இல்லை. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் கிருமி சளி டப்பாவுக்குள் வருவது பெரிய அதிசயமில்லை.

சதவீதங்கள் ஏன் இப்படித் தாவுகின்றன என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஆய்வகத்துக்கு வருடத்தில் 1,800 மாதிரிகள் வருகின்றன. 400-ல் மைக்கோபாக்டீரியா வளர்கிறது. அதில் 12 என்டிஎம். அந்த 12-ல் 5 ஆர்ஜிஎம். இப்போது,

மாதிரிகளில் ஆர்ஜிஎம்: 5/1,800, அதாவது 0.28 சதவீதம்.
வளர்ந்தவற்றில் என்டிஎம்: 12/400, 3 சதவீதம்.
என்டிஎம்மில் ஆர்ஜிஎம்: 5/12, 42 சதவீதம்.

மூன்றும் ஒரே ஆய்வகம், ஒரே வருடம். தலைப்பில் மட்டும் மூன்றுக்கும் "விகிதம்" என்றே இருக்கும். நீங்கள் பார்த்த பெரிய சதவீதங்கள் பெரும்பாலும் மூன்றாவது ரகம். கட்டுரையில் மேல் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கீழ் எண் என்னவென்று பாருங்கள். மூன்றிலும் மக்கள்தொகை எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்ல இந்தக் கணக்குகளில் எதுவும் உதவாது.

நாட்டளவில் எண் சொல்ல வேண்டுமென்றால் யாராவது கட்டாயமாக எண்ணியிருக்க வேண்டும். டிபி இங்கே 2012-லிருந்து அறிவிக்கப்பட வேண்டிய நோய். என்டிஎம் அந்த வகையில் வராது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் என்டிஎம் அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால்தான் அங்கிருந்து பல வருடத் தொடர் எண்கள் வருகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2014-ல் நுரையீரலுக்கு வெளியே வரும் என்டிஎம்மை அறிவிப்புப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பான் வேறு வழியில் போனது: மருத்துவமனைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி 2014-க்கு ஒரு மதிப்பீடு எடுத்தார்கள். நுரையீரல் என்டிஎம் லட்சம் பேருக்கு வருடத்துக்கு 14.7. அதில் அப்ஸெசஸ் மட்டும் 0.5. மொத்தத்தில் சுமார் 3 சதவீதம்தான். அதை எடுத்து இந்தியாவுக்குப் பெருக்கிவிடாதீர்கள். அது நுரையீரல் கணக்கு. உங்கள் குறிப்பு அறுவைக் காயத்தைப் பற்றியது, அங்கே வரிசையே தலைகீழ்: ஏவியம் அரிது, வேகக்காரர்கள்தான் முன்னால்.

"இங்கே இல்லை" என்று எழுதலாமா என்றால், கூடாது. 300 அறுவையில் ஒன்றும் வரவில்லை என்றால் உண்மை விகிதம் 1 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பகத்தோடு மேல் வரம்பு கிடைத்துவிடும்: 3/300. அறுநூறில் பூஜ்யம் என்றால் அரை சதவீதம். ஆனால் இதெல்லாம் ஒழுங்காகத் தேடியும் கிடைக்காதபோதுதான். தேடாமல் வந்த பூஜ்யத்துக்கு மேல் வரம்பும் கிடையாது, கீழ் வரம்பும் கிடையாது.

பதில் 2: ஏழாம்நாள்

கீழ்எண் சார் கடைசியில் சொன்னதுதான் விஷயம். ஆய்வகப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு ஆர்ஜிஎம் கேஸ் பதிவேட்டில் ஏறுவதற்குள் ஆறேழு இடத்தில் தவறிப்போகலாம். வரிசையாகப் பாருங்க.

தொப்புள் பக்கத்துத் துளையில ஒரு முடிச்சு, அப்புறம் தண்ணி மாதிரி கசிவு. பெரும்பாலும் அறுவை முடிஞ்சு 2 முதல் 8 வாரத்துக்குள்ள. காய்ச்சல் இருக்காது. ஸ்வாப் எடுத்து அனுப்புறாங்க. பஞ்சுல ஒட்டின கிருமி பாதி பஞ்சுலயே நின்னுடும், இந்தக் கிருமியோட மெழுகு உறை அப்படி. கிராம் ஸ்டெயின்ல (கிருமிக்குச் சாயம் ஏத்திப் பார்க்கிறது) சீழ் செல் நிறைய, கிருமி எதுவும் இல்லை. பிளேட் 48 மணி நேரம் பார்த்து "வளர்ச்சி இல்லை"ன்னு ரிப்போர்ட். பிளேட் குப்பைக்குப் போச்சு. மூணாவது, நாலாவது நாள்ல அதே பிளட் அகார்ல (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) வந்திருக்கும்.

ஒருவேளை பிளேட்டை விட்டுவச்சா? நாலாம் நாள் குண்டூசி முனை அளவு வறண்ட காலனி. கிராம் போட்டா ஊதா நிறத்துல, மணி கோத்த மாதிரி விட்டுவிட்டு நிறம் பிடிச்ச குச்சிகள். "டிஃப்தெராய்டு, தோல் கலப்படம்"னு எழுதி முடிச்சுடுவாங்க. அந்த ஒரு காலனியை எடுத்து இசட்என் (அமிலத்துலயும் சாயம் விடாத கிருமியைச் சிவப்பாக் காட்டுற சாயமுறை) போட்டிருந்தா சிவப்பா நின்னிருக்கும். பத்து நிமிஷ வேலை. இந்த இடத்துல தவறுறதுதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏன்னா கிருமி கைக்கு வந்துட்டுது, நாமே தூக்கிப் போடுறோம்.

ஏஎஃப்பி (அமிலம் தாங்கும் கிருமி) கேட்டு அனுப்பினாலும் சிக்கல் உண்டு. சளிக்குச் செய்யுற அதே சோடியம் ஹைட்ராக்சைடு முறையைத் திசுவுக்கும் செஞ்சா வேகக்காரர்கள் செத்துடுவாங்க, டிபி கிருமி அளவுக்கு இவங்களுக்குக் காரம் தாங்காது. கெலோனேவுக்கு 28 முதல் 30 டிகிரி வேணும். 37 இன்குபேட்டர்ல மட்டும் வச்சா முதல் தடவை வராமலே போகலாம். 25 சதவீத சல்ஃபியூரிக் அமிலம் சில தனியன்களோட (வளர்த்துப் பிரிச்செடுத்த கிருமிகள்) சாயத்தைக் கழுவிடும். ஆரமின் சாயமும் இந்தக் கூட்டத்துல சிலதைக் காட்டாது. சிபிநாட் (டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற சோதனை) போட்டா "எம்டிபி இல்லை"ன்னு வரும். அது சரியான விடைதான், ஆனா கேள்வி வேற.

கடைசியா பயாப்சி. கிரானுலோமா (நாட்பட்ட அழற்சி முடிச்சு) தெரியும். "கோக்ஸ்"னு, அதாவது டிபின்னு, எழுதி ஆறு மாச டிபி மருந்து ஆரம்பிச்சுடும். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூணுக்கும் இந்தக் கிருமிகள் அசையாது. கேஸ் ஆனா டிபி கணக்குல ஏறிடும்! ஆர்ஜிஎம் கணக்கு ஒண்ணு குறைஞ்சது மட்டுமில்ல, டிபி கணக்கு ஒண்ணு கூடிப்போச்சு.

பதில் 3: வார்டுரவுண்ட்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு துளைக் கசிவுக்கும் கிளாரித்ரோமைசின் (இந்தக் கிருமிக்குத் தரும் ஆன்டிபயாடிக்) எழுத ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வாரத்திலேயே சிவந்து, சூடாகி, கெட்டிச் சீழ் வந்தால் அது பெரும்பாலும் ஸ்டாஃப் அல்லது குடல் கிருமி. வழக்கமான சிகிச்சைக்கு ஆறிவிடும். சந்தேகம் வர வேண்டியது தாமதமாக வந்து, ஒருமுறை மூடி, மறுபடி அதே வடுவில் அல்லது அடுத்த துளையில் திறப்பதில். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளில் ஒரே நேரத்தில் முடிச்சு என்றால் கருவிப் பக்கம் பாருங்கள்.

டிபி துளையிலும் வரும், அது இந்தியாவில் மறக்க முடியாத சாத்தியம். ஆகவே வளர்க்காமல் இரண்டில் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

இனம் தெரிவது ஏன் அவசியம் என்றும் ஒரு வரி: ஃபார்ச்சுயிட்டம் குயினோலோன் வகை மருந்துக்குப் பெரும்பாலும் கேட்கும், அப்ஸெசஸ் பெரும்பாலும் கேட்காது. கெலோனேவுக்கு அமிகாசினைவிட டோப்ராமைசின் மேல். அப்ஸெசஸில் கிளாரித்ரோமைசின் மூன்றாம் நாள் வேலை செய்வது போலத் தெரிந்து பதினான்காம் நாள் எதிர்ப்பு காட்டும், எர்ம்-41 மரபணு தாமதமாக விழிப்பதால். அப்ஸெசஸின் மசிலியென்ஸ் துணையினத்தில் அந்த மரபணு துண்டிக்கப்பட்டிருப்பதால் மருந்து கடைசிவரை கேட்கும். 14 நாள் வரை பார்க்காத ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். டிஸ்க் வைத்துப் பார்த்த ரிப்போர்ட்டையும். பிராத் மைக்ரோடைலூஷன்தான் (மருந்தைப் படிப்படியாக நீர்த்து, திரவ ஊடகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது). ஆழமான தோல்-திசுத் தொற்றுக்குக் குறைந்தது 4 மாதம், இரண்டு மருந்தாவது. சைனஸ் பாதையை (சீழ் கசியும் உள்வழி) அறுத்து எடுக்காமல் மாத்திரையை மட்டும் நீட்டினால் திரும்ப வரும்.

போர்ட்சைட்

நன்றி. கணக்கு ஏன் குறைகிறது என்று புரிந்தது. அதிகச் செலவில்லாமல் ஒரு சாதாரண ஆய்வகம் எதை மாற்றினால் இந்தக் கேஸ்கள் பிடிபடும்? எங்களுக்கு எல்ஜே (டிபி கிருமி வளர்க்கும் ஊடகம்) இருக்கிறது, பிளட் அகார் இருக்கிறது, மால்டி-டாஃப் (கிருமி இனத்தைக் கண்டறியும் கருவி) இல்லை.

பதில் 4: ஏழாம்நாள்

இருக்கறதே போதும் டாக்டர்.

மாதிரி: ஸ்வாப் வேண்டாம். ஊசியில உறிஞ்சின சீழ் 1 மிலியாவது, இல்லன்னா சைனஸ் சுவரோட திசு. ஃபார்மலின்ல போட்டுடாம மலட்டு சலைன்ல. பயாப்சியில பாதி பேத்தாலஜிக்கு, பாதி எங்களுக்குன்னு தியேட்டர்லயே பிரிச்சுடணும். பல இடத்துல முழுசும் ஃபார்மலினுக்குள்ள போயிடும், அப்புறம் வளர்க்க ஒண்ணும் இருக்காது.

திறக்காத முடிச்சிலிருந்து எடுத்ததுன்னா காரம் போடாம நேரா போடுங்க: பிளட் அகார் இரண்டு, எல்ஜே இரண்டு. ஒரு ஜோடி 30 டிகிரி, இன்னொரு ஜோடி 35–37. திறந்த புண்ணுன்னா மாதிரியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை மட்டும் காரத்துல சுத்தம் பண்ணுங்க. பிளட் அகாரை டேப் ஒட்டி 7 நாள், காய்ஞ்சு போகாம பார்த்துக்கணும். எல்ஜே வழக்கம்போல 8 வாரம்.

தினமும் பாருங்க. 48 மணி நேரத்துக்கு அப்புறம் வந்த எந்த கிராம் பாசிடிவ் குச்சிக்கும் இசட்என் கட்டாயம். அமிலத்துல சாயம் போற மாதிரி இருந்தா 1 சதவீத சல்ஃபியூரிக் அமிலத்துல இன்னொரு ஸ்லைடு. நோகார்டியாவும் (வேறொரு மண் கிருமி) அதுல நிற்கும், அதனால காலனியையும் பாருங்க: நோகார்டியா சுண்ணாம்புத் தூள் மாதிரி, மண் வாசனையோட.

அமிலம் தாங்குச்சுன்னா முதல்ல எம்பிடி-64 கார்டு (டிபி கிருமியோட புரதத்தைத் தேடுற சோதனை). நெகடிவ்னா டிபி இல்லைன்னு ஏறக்குறைய முடிவு பண்ணலாம். துணைக் கல்ச்சர்லயும் 7 நாளுக்குள்ள கண்ணுக்குத் தெரியுற காலனி வந்தாத்தான் "வேகம்"னு எழுதலாம். முதல் கல்ச்சரை வச்சு நாள் எண்ணாதீங்க. மூணு நாள் அரைல்சல்ஃபடேஸ் சோதனை பாசிடிவ், கிரிஸ்டல் வயலட் இல்லாத மெக்கான்கி அகார்ல 5 நாளுக்குள்ள வளர்ச்சி, இது ரெண்டும் மூணு பேருக்கும் பொது. நைட்ரேட் பாசிடிவ், இரும்பு உறிஞ்சி துருப் பழுப்பானா ஃபார்ச்சுயிட்டம். ரெண்டும் நெகடிவ்னா மத்த ரெண்டுல ஒண்ணு: 5 சதவீத உப்புல வளர்ந்தா அப்ஸெசஸ், வளராம சிட்ரேட்டை மட்டும் எடுத்துக்கிட்டா கெலோனே. உப்பும் சிட்ரேட்டும் சில நேரம் குழப்பும், அப்போ லைன் புரோப் (மரபணுப் பட்டைச் சோதனை) இருக்கிற மேல் ஆய்வகத்துக்கு அனுப்பிடுங்க. 16எஸ் மரபணு வரிசையை மட்டும் பார்த்து இந்த ரெண்டையும் பிரிக்கப் பார்க்காதீங்க, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எச்எஸ்பி-65 இல்லன்னா ஆர்பிஓபி மரபணு வரிசை வேணும்.

ஒரே வாரத்துல வேற வேற வார்டுலேர்ந்து ஒரே இனம் மூணு நாலு வந்தா, வார்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி நம்ம பஃபர் பாட்டிலையும் காய்ச்சி வடிச்ச தண்ணியையும் வளர்த்துப் பாருங்க. பொய்க் கொத்து (நோய் இல்லாமலே ஒரே கிருமி கூட்டமா வளர்றது) பாதி நேரம் ஆய்வகத் தண்ணியிலேர்ந்தோ பிராங்கோஸ்கோப் கழுவுற இடத்திலேர்ந்தோதான் பிறக்கும்.

பதில் 5: ஸ்டெரைல்ரூம்

எண்ணைப் பற்றிய கேள்வியில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒரு நாட்டின் எண்ணைக் கருவி கழுவும் முறையே மாற்றிவிடும் என்பதற்கு பிரேசில்தான் சாட்சி. ரியோ டி ஜனீரோ மாநிலத்தில் மட்டும் 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜூலை வரை, 63 மருத்துவமனைகளில் 1,051 சந்தேக கேஸ்கள், எல்லாம் கேமரா வழி அறுவைக்குப் பிறகு. ஏஎஃப்பி ஸ்டெயினிலோ கல்ச்சரிலோ உறுதியானவை 197. பெரும்பாலும் ஒரே மசிலியென்ஸ் குளோன், 2 சதவீத குளூட்டரால்டிஹைடை (கருவிகளை ஊறவைக்கும் கிருமிநாசினி) தாங்கக்கூடியது. 2009-ல் அங்கத்திய சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனமான அன்விசா, இத்தகைய அறுவைக் கருவிகளைத் திரவத்தில் ஊறவைத்து ஸ்டெரிலைஸ் செய்வதைத் தடை செய்தது. இப்படி ஓர் அலை அடிக்கும் வருடத்தின் எண்ணையும் அடிக்காத வருடத்தின் எண்ணையும் சராசரி எடுத்து "நாட்டின் விகிதம்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்?

வயிற்றுக்குள் போகும் கருவி ஸ்டெரைலாக இருக்க வேண்டும். குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் என்பது உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. அதே திரவத்தில் ஸ்டெரிலைசேஷன் என்றால் 10 மணி நேரம். இரண்டு கேஸ்களுக்கு நடுவே யாருக்கும் 10 மணி நேரம் கிடைப்பதில்லை. ஆகவே 20 நிமிடமே "ஸ்டெரிலைசேஷன்" என்று பேச்சுவழக்கில் ஆகிவிட்டது.

அந்த 20 நிமிடமும் எப்படி வீணாகிறது என்று பாருங்கள். டிசெக்டரின் (திசுவைப் பிரிக்கும் கருவி) வெளி இன்சுலேஷன் உறையைக் கழற்றினால் உள்ளே முனைப் பக்கம் பழுப்பாக ஒரு வளையம் இருக்கும். காய்ந்த ரத்தம். ஆல்டிஹைடு அதைக் கரைக்காது, அப்படியே உறைய வைத்துவிடும், அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். டிராக்கரின் (துளையில் செருகும் குழாய்) ரப்பர் வாஷர், ஃப்ளாப் வால்வு, ஸ்டாப்காக், ரெட்யூசர் எல்லாம் இதே கதைதான். ஈரக் கருவியைத் தட்டில் போடப் போட கரைசல் நீர்த்துப் போகும். தேதியைப் பார்த்து "14 நாள் ஆகவில்லை" என்பார்கள், செறிவு காட்டும் ஸ்டிரிப் போட்டால் 1.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். கடைசியாகச் செய்வதுதான் மோசம்: ஆல்டிஹைடு எரிச்சல் போக வேண்டுமென்று கொதிக்க வைத்து ஆறிய குழாய்த் தண்ணீரில், மூடாத பேசினில், அலசுவார்கள். இந்தக் கிருமியின் வீடே தண்ணீர். குளோரினுக்கும் சுலபத்தில் சாகாது. கொதித்தபோது செத்தது உண்மை, ஆனால் பேசினிலும் கூஜாவிலும் ஒட்டியிருக்கும் படலத்திலிருந்து மறுபடி வந்து சேரும்.

செய்ய வேண்டியது: பயன்படுத்திய உடனே, காயவிடாமல், முழுக்கக் கழற்றி என்சைம் கரைசலில். குழல்களுக்கு அந்தந்த அளவு பிரஷ், தண்ணீருக்கு அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். அல்ட்ராசோனிக் இருந்தால் நல்லது. அலசி, குழலுக்குள் காற்று அடித்து உலர்த்தி, ஆட்டோகிளேவ். முன்வெற்றிட வகையில் 132 டிகிரியில் 4 நிமிடம். சாதாரண கிராவிட்டி வகையில் 121-ல் 30 நிமிடம், ஆனால் நீண்ட குழல்களுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும் என்பதால் அதை நம்ப வேண்டாம். சூடு தாங்காத டெலஸ்கோப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா அல்லது ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு). பிளாஸ்மாவில் ஈரம் இருந்தால் சுற்று பாதியில் நின்றுவிடும், பருத்தித் துணி சுற்றக் கூடாது. ஈடிஓவுக்கு வாயு வெளியேற 50–60 டிகிரியில் 8 முதல் 12 மணி நேரம் தனியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு கேஸ் போட்டால் இரண்டு செட் போதாது. முறை தெரியாமல் குறுக்கு வழி எடுப்பவர்கள் குறைவு. செட் பற்றாமல்தான் எடுக்கிறார்கள்.

போர்ட்சைட்

அப்படியானால் முதல் வரியில் நாட்டு எண்ணுக்குப் பதில் என்ன எழுதுவது?

பதில் 6: கீழ்எண்

"அறிவிப்புக் கட்டாயம் இல்லாததால் தேசிய விகிதம் கணக்கிடப்படவில்லை; வெளியான சதவீதங்கள் ஆய்வக மாதிரிகளைச் சார்ந்தவை." அவ்வளவுதான். குழு அதற்கு முகம் சுளித்தால் உங்கள் மருத்துவமனையின் சொந்த எண்ணைக் கொடுங்கள், அது எடுக்கக்கூடிய எண்.

கீழ் எண்: தியேட்டர் பதிவேட்டிலிருந்து மாதவாரியாக எல்லா லேப்ராஸ்கோபியும். ஓபனாக (வயிற்றைத் திறக்கும் அறுவையாக) மாறியவற்றைத் தனியாக. மேல் எண்: துளை இடத்துத் திசு அல்லது உறிஞ்சிய சீழில் ஆர்ஜிஎம் வளர்ந்து, பொருந்தும் புண்ணும் இருப்பவர்கள். நுரையீரலுக்குக் கேட்பது போல இரண்டு சளி மாதிரி விதியெல்லாம் இதற்கு இல்லை. வளராமல், தாமதமான கசிவும் கிரானுலோமாவும் மட்டும் இருந்தால் "சாத்தியம்" என்று வேறு பத்தியில் வையுங்கள், இரண்டையும் கூட்டாதீர்கள்.

பின்தொடர்தல் காலத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். வழக்கமான அறுவைத் தொற்றுக் கண்காணிப்பு பித்தப்பை அறுவைக்கு 30 நாளோடு முடிந்துவிடும். இந்தக் கிருமி அதற்குப் பிறகுதான் பல நேரம் முகம் காட்டும். 6-ம் வாரமும் 12-ம் வாரமும் ஒரு போன். "துளை போட்ட இடத்தில் முடிச்சு, கசிவு, திரும்பத் திறப்பது ஏதாவது இருக்கிறதா?" ஒரே கேள்வி போதும். போனில் கிடைக்காதவர்களை "தொற்று இல்லை"யில் சேர்க்காமல் கீழ் எண்ணிலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

220 பேரில் 4 பேர் என்று வந்தால் 1.8 சதவீதம். ஆனால் 95 சதவீத வரம்பு ஏறத்தாழ 0.5 முதல் 4.6 வரை. வரம்போடு எழுதுங்கள், அடுத்த காலாண்டில் 2 ஆனதும் "பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று கைதட்டாமல் இருக்க உதவும். நான்கும் ஒரே மாதத்தில், ஒரே செட்டில் விழுந்ததா, வருடம் முழுக்கச் சிதறியதா என்பது 1.8ஐவிட முக்கியம். ஒவ்வொரு கேஸுக்கும் தேதி, தியேட்டர், கருவி செட் எண், கழுவிய முறை, அன்றைக்கு எத்தனையாவது கேஸ் என்று ஐந்து கட்டம் வையுங்கள்.

பதில் 7: ஏழாம்நாள்

ஆறாவது கட்டம் ஒண்ணு சேர்த்துக்கோங்க: தனியன் சேமிப்பு எண். 20 சதவீத கிளிசரால் பிராத்தில் மைனஸ் 70-ல. அந்த ஃபிரீசர் இல்லன்னா எல்ஜே சரிவில் மூடி இறுக்கி வச்சு, சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. கொத்துன்னு சந்தேகம் வர்ற அன்னிக்கே அலசுற பேசின் தண்ணியும் தியேட்டர் குழாய்த் தண்ணியும் தலா 1 லிட்டர் எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிச்சு அந்த ஃபில்டரை வளர்த்துடணும். மறுநாள்னா தாமதம், அதுக்குள்ள யாராவது பேசினை பிளீச் போட்டுப் பளபளன்னு கழுவி வச்சிருப்பாங்க.